மரச்சிராய்ப் பாதையும் என் வெறுங்காலும்

முப்பத்தொரு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கினேன். என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது மடக்கிக் கேட்டால், பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஆட்கள் நடக்கிற வழியைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் மருமகன் மட்டும் வெளியாட்களிடம் "மாமா விவசாயத்துல பெரிய ஆபீசர்" என்பார். அவர் நல்ல மனிதர், அதனால் பொய்யையும் நன்றாகச் சொல்வார்.

போன மாதம், நான் வேலை செய்த பயிற்சித் தோட்டத்திலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் குண்டசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தோட்டத்துப் பாதைகளுக்கெல்லாம் சிமெந்துக் கல் பதிக்கப் போகிறார்களாம். "மரச்சிராய் போட்ட காலத்துக் கதைய எழுதித் தாங்க சேர், காரியாலய மலர்ல போடுவோம்" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி குசினியிலிருந்து, "கிளிசரியா கதையையும் மறக்காம எழுதச் சொல்லுங்க தம்பி" என்று குரல் கொடுத்தாள். கனத்த தலை இறங்கிவிட்டது. சரி, எல்லாவற்றையுமே எழுதுகிறேன்.

நான் ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது செடியின் கிளையை நறுக்கி மட்டம் செய்கிறவர். பத்தாம் வகுப்பு முடித்து, பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் கிடைத்ததும் குண்டசாலைப் பயிற்சித் தோட்டத்தில் கூலியாளாகச் சேர்ந்தேன். பிறகு பயிற்சி, பரீட்சை, அதில் ஒருமுறை தோல்வி, மறுமுறை தேர்ச்சி, கடைசியில் விவசாயப் போதனாசிரியர் என்ற பட்டம். ஏழு வருடத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எங்கள் பொறுப்பதிகாரி கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, எப்போதும் மினுங்குகிற கறுப்புச் சப்பாத்து. யாரையும் திட்ட மாட்டார். திட்டினால் பரவாயில்லையே என்று நாங்கள் ஏங்குகிற அளவுக்கு அவருடைய மௌனம் இருக்கும். மேட்டுப்பாத்தி முறையை அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பலகை அடித்து உள்ளே முழங்கால் உயரத்துக்கு நல்ல மண் நிரப்புவது சுலபம். பாத்திகளுக்கு நடுவே உள்ள வழிதான் கண்டி மழையில் சேறாகும். சேறானால் அட்டை வரும், களை வரும், வருகிறவர் வழுக்கி விழுந்து கத்தரிச் செடியைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்.

அதற்கு ஐயா கண்ட மருந்து மரச்சிராய். மர ஆலையில் கழித்துப்போடும் மரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டியது, நகத்தளவிலிருந்து தீப்பெட்டி அளவு வரை. போடுகிற முறையை இன்றும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். முதலில் களையை வேரோடு பிடுங்கி, வழியை மூன்று அங்குலம் தோண்ட வேண்டும். தண்ணீர் ஒரு பக்கமாக ஓட லேசான சரிவு கொடுக்க வேண்டும். அதன்மேல் பழைய சணல் சாக்கை ஒன்றன்மேல் ஒன்று ஒரு கை அகலம் ஏறும்படி விரித்து, நனைத்து, அப்புறம்தான் சிராய், நாலு அங்குலம். சாயம் பூசிய மரம் கூடாது. புதுச் சிராயைப் பாத்தி மண்ணோடு கலக்கவே கூடாது, கலந்தால் அது உக்குவதற்கு மண்ணின் சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சள் பிடித்து நிற்கும். இரண்டு வருடம் கழித்து அடியில் கறுப்பாக உக்கியதை அரித்தெடுத்துப் பாத்திக்குப் போடலாம், மேலே புதுசு நிரப்பலாம்.

இதெல்லாம் முடிந்ததும் சோதனை. ஐயா பாதையின் தலைப்பில் நின்று சப்பாத்தைக் கழற்றுவார். காலுறையைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைப்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெறுங்காலோடு கடைசி வரை நடப்பார். மறுமுனையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டால் பாதை பாஸ். கையில் தூக்கிக்கொண்டு அப்படியே காரியாலயத்துக்கு நடந்தால் முழுவதையும் கிளறித் திரும்பப் போட வேண்டும். அவரிடம் போய்ப் "பாதை முடிஞ்சுங்கய்யா" என்று சொன்னால் ஒரே கேள்விதான் வரும்.

"நீர் நடந்து பாத்தனீரோ?"

எனக்கு அந்தச் சோதனை மிகவும் பிடித்துப்போனது. மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி வளர்ந்தவன் நான். என் பாதத்துக்குத் தெரியாத பாதையா என்றொரு திமிர். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் பத்தடி நடப்பதற்குள் "ஆ, ஊ" என்பார்கள். நான் பாராளுமன்ற உறுப்பினர் போல நடப்பேன்.

இனி கிளிசரியா. ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து தோட்டம் பார்க்க வருவதாகச் செய்தி. மூன்று புதுப் பாதைகள் போட வேண்டும். சிராய் வெட்டும் இயந்திரத்தின் பட்டி அறுந்துவிட்டது. ஐயா யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய், "இயந்திரம் எதுக்குங்கய்யா? கவ்வாத்துக் கத்தி இருக்கு, நான் வெட்டுறேன்" என்றேன். வேலி நெடுக கிளிசரியா நின்றது. மென்மையான மரம், கத்திக்குச் சுகம். முதல் நாள் விரல் அளவுக்கு வெட்டினேன். இரண்டாம் நாள் கை வலித்தது, துண்டு நீண்டது. மூன்றாம் நாள் ஒரு சாண் துண்டுகளாக நறுக்கிப் பாதையில் கொட்டி, மேலே ஏறி மிதித்து, மண்ணுக்குள் நன்றாக அமிழ்த்திவிட்டேன். வெறுங்காலோடு நடந்தும் பார்த்தேன். அருமை!

அதிகாரியின் வருகை மூன்று வாரம் தள்ளிப்போனது. மழையோ தள்ளிப்போகவில்லை. கிளிசரியாக் கம்பை ஈர மண்ணில் குத்தினால் துளிர்க்கும் என்று தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் லயத்து வேலியே அப்படி முளைத்ததுதான். அதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கம்புகளை நட்டு, மிதித்து, தண்ணீர் பட வைத்திருந்தேன். அதிகாரி வந்த அன்று மூன்று பாதையிலும் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல். பாத்தியில் போட்ட போஞ்சிக் கொடிதான் வெட்கப்பட்டு நின்றது.

"மே மொன வகாவத?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இது என்ன பயிர்ச்செய்கை என்று அர்த்தம். கனகசபை ஐயா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், தழை உரத்துக்கான ஒரு பரீட்சார்த்தப் பயிர் என்று சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு அவரை அழைத்துப் போனார். சாயங்காலம் என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"மாணிக்கம்."

"ஐயா."

"உம்மட பாதைக்கு எப்ப கவ்வாத்து?"

அவ்வளவுதான் கேட்டார். மூன்று நாள் நான் பாதையைக் கவ்வாத்து வெட்டினேன். அந்த வருடம் முழுவதும் தோட்டத்தில் எனக்கு 'கிளிசரியா' என்றே பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்துக்கும் அந்தப் பெயர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண்தான் இப்போது குசினியில் இருக்கிறாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஹசீனா என்ற ஒரு பெண்மணி ஒருநாள் பஸ் ஏறிக் காரியாலயத்துக்கு வந்தார். கணவர் நௌபர், முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஊருக்கெல்லாம் நௌபர் நானா, அதாவது அண்ணன். சீனி வருத்தத்தில், நீரிழிவில், இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்கேயோ தர்மமாகக் கொடுத்த சக்கரக் கதிரை ஒன்று வீட்டில் இருந்தது.

"எட்டு மாசமாச்சு சேர். முத்தத்து வெயில்ல தலகாட்டல்ல. கூட ஓட்டின மனுசர் வந்தாலும் தூங்குறேன்னு சொல்லச் சொல்றார்" என்றார் ஹசீனா. "முந்தி ஊட்டுக்குப் பின்னால டின்ல மொளகா வெச்சி வளத்தவர். செடியக் கண்டாலாவது வெளிய வருவாரோன்னு ஒரு ஆச. முத்தமெல்லாம் சேறு. மேசனக் கூப்பிட்டு சிமெந்து போட்டா கதிர ஓடுமா?"

சிமெந்தா! எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சிமெந்து எதுக்குங்க அக்கா? வெயில்ல கொதிக்கும், மழையில வழுக்கும். நான் மரச்சிராய்ப் பாதை போட்டுத் தாறேன், பாருங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு தொழிலாளரோடு போய் ஆறு நாள் வேலை செய்தேன். மனிதர் கதிரையில் இருந்தபடியே கை எட்ட வேண்டுமென்று கதிரையின் உயரத்தை அளந்து, அதற்கேற்ப நாலு மேட்டுப்பாத்தி கட்டி, நாற்றும் நட்டேன். கதிரையின் அகலத்தை அளந்து வழி விட்டேன். விறாந்தையிலிருந்து இறங்கப் பலகைச் சரிவு வைத்தேன். பாதையைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அது எனக்கு மனப்பாடமான பாடம்! மூன்று அங்குலம் தோண்டி, சாக்கு விரித்து, நாலு அங்குலம் சிராய். கட்டுகஸ்தோட்டை மர ஆலையிலிருந்து வந்த நல்ல பலா மரச் சிராய், மஞ்சள் மஞ்சளாகப் பார்க்கவே பசித்தது.

கடைசி நாள் நௌபர் நானா வெளியே வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் போர்வை விரித்து விறாந்தையில் கதிரையில் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தவர் பத்துப் பேர் நின்றார்கள். எனக்கு அவ்வளவு சனத்தைக் கண்டதும் கனகசபை ஐயா உள்ளுக்குள் இறங்கிவிட்டார். பாதையின் தலைப்பில் நின்று சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையை மடித்து உள்ளே வைத்தேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கடைசி வரை நடந்து, திரும்பி வந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சொன்னேன்:

"பஞ்சு மாதிரி இருக்கு நானா. வெறுங்காலோட நடந்து பாருங்க, தெரியும்."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து.

நானா என் பாதத்தைப் பார்த்தார், பிறகு தன் மடிப் போர்வையைப் பார்த்தார். "நடக்க ஏலாது சேர். ஓட்டிப் பாக்குறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார். முன்சில்லுகள் இரண்டும் சிராய்க்குள் அப்படியே புதைந்தன. கையால் பெரிய சில்லைத் தள்ளினார். சிராய் பின்னால் சிதறியது, கதிரை நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார், ஒருபக்கம் சாய்ந்தது. வேலியைத் தாண்டி நாலு பேர் ஓடிவந்து அவரைக் கதிரையோடு தூக்கி விறாந்தையில் வைத்தார்கள். கதிரையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

ஹசீனா அக்கா என்னைத் திட்டவில்லை. "வந்தாரே சேர். இன்டைக்கி வந்தார். இனி வர மாட்டார்" என்று மட்டும் சொல்லி அழுதார். அந்த இடத்தில் பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

குண்டசாலைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நான் கதிரையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தேன். பழைய கதிரை, சின்னச் சில்லு, காற்றில்லாத டயர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கனகசபை ஐயாவிடமும் அப்படியே ஒப்பித்தேன். அவர் ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

"ஐசே, நீர் உருண்டு பாத்தனீரோ?"

"இல்லைங்கய்யா. நடந்து பார்த்தேன்."

"ஓம். நடந்திருப்பீர்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உதில பாதிப் பிழை என்ர. நான் உமக்குக் காலாலதான் பாக்கப் பழக்கினனான். நாளைக்கே திரும்பப் போம்."

மறுநாள் போனேன். ஹசீனா அக்கா வாசலைத் திறந்தார், நானாவின் அறைக் கதவு திறக்கவில்லை. போட்ட சிராய் முழுவதையும் வாரி எடுத்தோம். அடியில் கல்லுடைக்கிற இடத்துத் தூளைக் கொட்டி, நனைத்து, திமிசுக்கட்டையால் மண் அதிர இடித்தோம். இரண்டு நாள் இடித்ததில் கை வீங்கிப்போனது. சிராயை அரிதட்டில் அரித்து, பெரிய துண்டுகளை ஒதுக்கி, சிறியதை மட்டும் ஒரு அங்குலம் பரப்பி, மறுபடி நனைத்து மறுபடி இடித்தோம். கடைசியில் குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் அடையாளம் விழவில்லை.

மூன்றாம் நாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நானா கட்டிலில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து, ஹசீனா அக்கா கதிரையை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். நான் அதில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலையும் தூக்கி மடித்துக்கொண்டேன். என்னோடு வந்த தொழிலாளர் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள்.

நேர்ப் பாதையில் கதிரை வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு உற்சாகம் வந்து வேகமாகத் தள்ளினேன். முதல் மூலையில் திருப்பத் தெரியாமல் பாத்திப் பலகையில் டமார் என்று மோதினேன். பின்னுக்கு எடுத்தேன், பின்பக்கப் பாத்தியில் மோதினேன். முன்னுக்குத் தள்ளினேன், பழைய இடத்திலேயே மறுபடி மோதினேன். கத்தரி நாற்று இரண்டு சரிந்தன.

அறை யன்னல் படாரென்று திறந்தது.

"அட சேர்! என்னத்தப் போட்டு ஒடிக்கிறீங்க? பின்சில்லப் பாக்காமயா திருப்புற?"

நான் திகைத்துப்போய் இரண்டு கையையும் விட்டேன்.

"கைய விடாதீங்க! வலது சில்லப் புடிச்சி நிறுத்துங்க. இடது சில்ல மட்டும் தள்ளுங்க. அந்தப் பக்கமில்ல, இடது! சோத்துக்கை எது, பீச்சக்கை எதுன்னு தெரியாதா?"

நான் பதற்றத்தில் இரண்டையும் தள்ளினேன். கதிரை பலகையில் மோதிச் சரிந்தது. நான் கத்தரிப் பாத்திக்குள் குப்புற விழுந்தேன். வாயெல்லாம் மண். யன்னலில் நௌபர் நானா சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வயிறு குலுங்க. ஹசீனா அக்கா என்னைத் தூக்கிவிட வந்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் யாரு லைசன் குடுத்த? கொண்டாங்க அந்த வண்டிய" என்றார் நானா.

கொண்டுபோனோம். ஏறினார், சரிவில் இறங்கினார், முதல் மூலையில் பலகையைத் தொடாமல் திரும்பினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நான் தலையில் மண்ணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது சுற்றில் நிறுத்தி, "கடசி மூல டைட்டா ஈக்கி. பாத்தியக் கொஞ்சம் வெட்டிவிடுங்க" என்றார். பலகையைப் பிரித்து அன்றைக்கே மூலையை வெட்டிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து விளைச்சலைக் குறிக்கப் படிவத்தோடு போனேன். மேட்டுப்பாத்தியில் போஞ்சி முற்றிக் காய்ந்து தொங்கியது. கீரை பூத்துவிட்டது. மிளகாய் பழுத்துக் கீழே விழுந்து கிடந்தது. கதிரையைக் காணவில்லை.

"நானா எங்கே அக்கா? சுகமில்லையா?"

"சுகத்துக்கென்ன!" ஹசீனா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "கூட ஓட்டின டிரைவர்மாரக் கூப்பிட்டு, நீங்க இடிச்ச மாதிரியே இடிச்சி, கேட் வரைக்கும் பாத போட்டுக்கிட்டார். காலைல பாங்குக்கு எழும்பினா, டீயக் குடிச்சிட்டு ரோட்டுக்குப் போனாத்தான். சந்தில உக்காந்து போற வார பஸ்ஸுக்கெல்லாம் அது பிழ, இது பிழன்னு நொட்ட சொல்றார். தோட்டத்துல ஒரு மொளகா புடுங்கித் தர நேரமில்ல. பகல் சோத்துக்கு ஆள உட்டுக் கூட்டிவர வேண்டிக் கெடக்கு. இந்த மனுசன் ஊட்டுல நிக்கிறாரே இல்ல சேர்! எல்லாம் நீங்க செஞ்ச வேல!"

சேவைக்காலத்தில் என்னைப் பற்றி வந்த முறைப்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. முடிந்தவரை எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் போட்டு மூடியவன் நான். இதை மட்டும் அந்த அம்மா சொன்னது சொன்னபடி, ஒரு சொல் குறையாமல் எழுதி, கையெழுத்து வைத்து, கனகசபை ஐயாவின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.